கிரேன்மேல் கற்ற சதுரங்கம்

டெங் ரூயிலான் காலையில் கிரேனில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மண்ணை மிதிப்பாள். நடுவில் ஒருமுறை இறங்கி ஏறினால் முட்டி இரண்டும் முனகும். அதனால் மேலே இருக்கும்வரை தண்ணீரைக்கூட நாக்கு நனையும் அளவுக்குத்தான் குடிப்பாள். ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் ஒவ்வொரு கைப்பிடி, காதோரம் ஒரு வாக்கி டாக்கி. கீழே, சோங்சிங் நகரத்தின் வடகோடியில், புதுக் குடியிருப்புக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கம்பிக் கட்டு, பலகை, கான்கிரீட் தொட்டி என்று எது மேலே போக வேண்டுமானாலும் அவள் கையால்தான் போக வேண்டும்.

நாள் முழுக்க அவள் கேட்கும் மனிதக் குரல் ஒன்றே ஒன்று. கீழே நின்று சைகை காட்டும் பெங் அண்ணனுடையது. அதுவும் "ஏத்து", "இறக்கு", "நில்லு" என்பதைத் தாண்டிப் போகாது. மார்கழி மாதிரி மூடுபனி இறங்கும் நாட்களில் பெங் அண்ணனின் மஞ்சள் தொப்பியும் மறைந்துவிடும். அப்போது வேலையை நிறுத்திவிட்டுப் பனி கலையும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள்.

முந்தின வருஷக் கோடைவரை பக்கத்துக் கிரேனில் சூயிங் என்றொரு பெண் இருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், மாமியாரையும் மேஸ்திரியையும் ஒரே மூச்சில் திட்டுவார்கள். சூயிங் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ரூயிலான் மரப்பலகை அடுக்கின்மேல் தனியாக உட்கார்ந்து கிண்ணத்து நூடுல்ஸை உறிஞ்சிவிட்டு எழுந்திருப்பாள். ஆண்கள் யாரும் அவளை மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. "டெங் அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோவார்கள். கேட்டுவிட்டு சிமெண்ட் கொட்டகை நிழலுக்கு ஓடுவார்கள். அங்கே இரண்டு பெயிண்ட் டின்னின்மேல் ஒரு பலகை, பலகையின்மேல் சீனச் சதுரங்கம். ஆடுவது இரண்டு பேர், சண்டை போடுவது இருபது பேர். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய முதுகுகள்தான்.

கணவன் குவோபிங் ஜாம்பியாவில் சாலை போடும் வேலையில் இருந்தான். மகள் மிங்யூ வேறு நகரத்தில் நர்ஸ் படிப்பு. அவளுக்குப் பணம் போனால் "வந்துச்சும்மா" என்று பதில் வரும், அத்தோடு சரி. ரூயிலானின் விடுமுறை நாளன்று சாயங்காலம் குவோபிங் வீடியோவில் கூப்பிடுவான். அங்கே அப்போது மத்தியானச் சாப்பாட்டு வேளை.

"சாப்பிட்டியா?"

"ம். நீ?"

"ம். அங்க குளிரா?"

"குளிருதான். அங்க?"

"வெயில்."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படாது. திரையின் மூலையில் சின்னதாகத் தெரியும் தன் முகத்தை அவள் பார்ப்பாள். அவனும் அவனுடைய முகத்தைத்தான் பார்க்கிறான் என்பது கண் போகும் திசையிலேயே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வைக்கவா?" என்பான். "வை" என்பாள்.

ஒரு நாள் காற்று பலமாக அடித்ததால் கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கூண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இறங்கவும் முடியாது, வேலையும் இல்லை. போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். நகம் கறுத்த ஒரு கை, மரக் காய் ஒன்றைப் பலகையில் நகர்த்தியது. வடகிழக்குப் பேச்சு வாசனையோடு ஒரு குரல் சொன்னது:

"பீரங்கி சும்மா வெடிக்காது. அதுக்கு நடுவுல ஒருத்தன் நிக்கணும். அவன் நம்மாளா இருந்தாலும் சரி, எதிராளியா இருந்தாலும் சரி. அவன் தலைக்கு மேல தாவித்தான் அது அடிக்கும். நடுவுல ஆளே இல்லேன்னா பீரங்கி வெறும் கட்டை."

சிமெண்ட் கொட்டகையிலிருந்து நாள்தோறும் கேட்கும் "அடி பீரங்கியை!" என்ற கூச்சலுக்கு அன்றைக்குத்தான் அவளுக்கு அர்த்தம் புரிந்தது. அடுத்த வீடியோவையும் பார்த்தாள். குதிரை எப்படிப் போகும், பக்கத்தில் ஒருவன் நின்றால் அதன் கால் எப்படி மறிபடும், யானை ஏன் பலகை நடுவே வரைந்த ஆற்றைத் தாண்டாது, சிப்பாய் ஆற்றைத் தாண்டிவிட்டால் ஏன் திரும்பி வர முடியாது, ராஜாவின் இடத்தில் நிற்கும் தளபதி ஏன் தன் கோட்டையைவிட்டு நகராது. காற்று ஓய்ந்து, "அக்கா, ஏத்தலாமா?" என்று பெங் அண்ணன் கேட்டபோது அவள் திடுக்கிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

கொக்கி அசையும்போது போன் பைக்குள்தான் இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, தனக்கும்தான். ஆனால் கான்கிரீட் லாரி வரத் தாமதமாகும் நேரம், காற்று நேரம், பனி நேரம் எல்லாம் இனி சதுரங்கத்துக்கு. போனில் ஆட்டத்தை இறக்கிக்கொண்டாள். அதில் எதிராளியாக ஆடும் மெஷின்களில் அடிமட்டத்து மெஷினோடு ஆடித் தோற்றாள். மறுபடியும் தோற்றாள். ஒரு காயைத் தொட்டால் அது எங்கெல்லாம் போகலாம் என்று திரையில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே நடை பழகும் குழந்தைபோல நகர்ந்தாள். முகம் தெரியாத மனிதர்களோடு ஆடினாள். அவர்கள் ஜெயித்தார்கள், சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அந்தக் கறுத்த நகக்காரர் பெயர் துங். வடக்கே, ஆறு உறைந்துபோகும் ஊர் ஒன்றில் சாவி போடும் கடை வைத்திருந்தார். பகலில் கடையிலேயே உட்கார்ந்து நேரலையில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். பார்க்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பாதிப் பாடத்தில் யாராவது வந்தால், "கொஞ்சம் பொறுங்க, இந்தப் பூட்டை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்" என்று எழுந்துபோவார். சாவி அறுக்கும் இயந்திரம் கிரீச்சிடும். எல்லோரும் காத்திருப்பார்கள்.

போனில் ரூயிலான் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மேகத்துக்கு மேலே'. நேரலைக்குள் அவள் முதல்முறை நுழைந்தபோது துங் வாத்தியார் காயை வைத்த கை வைத்தபடி நிமிர்ந்தார்.

"வாங்க வாங்க. 'மேகத்துக்கு மேலே' வந்திருக்காங்க. என்னங்க, மேல குளிரா?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று பிடிபட அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. கூண்டுக்குள் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு, 'குளிர்தான்' என்று தட்டினாள்.

"குளிர்தானாம்! எங்க ஊருக்கு வாங்க, குளிர்னா என்னன்னு காட்டறேன். மூக்கு உதிர்ந்து கையில விழும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கூண்டுக்குள் தன் சிரிப்பு தனக்கே யாரோ சிரித்ததுபோல் கேட்டது.

இலையுதிர்காலம் வந்தபோது நடுத்தர மெஷின் அவளிடம் தோற்க ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு சிமெண்ட் கொட்டகைக்கு நடந்தாள். முதுகுகளுக்குப் பின்னால் நின்றாள். பலகையின் நடுவே ஓடும் ஆற்றில், 'பார்ப்பவன் பேசான், வைத்தவன் எடுக்கான்' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. அதற்குமேல் ஒருவன் சொட்டுச் சொட்டாக மிளகாயெண்ணெய் சிந்திக்கொண்டு, "தேரை எடுடா, தேரை எடு, உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

தச்சன் லியாவ்தான் அந்த இடத்து ராஜா. உடம்பும் ராஜா உடம்பு. எதிராளியை அனுப்பிவிட்டு, "அடுத்தது யாரு? சீக்கிரம். எனக்கு ஜீரணமாகணும்" என்றான்.

"நான் ஆடறேன்" என்றாள் ரூயிலான்.

முதுகுகள் திரும்பின.

"அக்காவா?"

"அக்கா, இது கொக்கியில மாட்டித் தூக்கற ஆட்டம் இல்ல."

"டேய், சும்மா இருங்கடா" என்று பெங் அண்ணன் ஒரு செங்கல் அடுக்கை அவளுக்காக இழுத்துப் போட்டார். "உக்காருங்க அக்கா. இந்தக் குண்டனுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுங்க."

முதல் சில நகர்த்தல்கள் நன்றாகவே போயின. துங் வாத்தியார் சொன்னபடி பீரங்கியை நடுவுக்குக் கொண்டுவந்தாள், குதிரைகளை எழுப்பினாள். "அட, அக்கா படிச்சிட்டு வந்திருக்காங்கடோய்" என்றான் ஒருவன். ஆனால் அவள் பழகியது சத்தமில்லாத கூண்டில். இங்கே ஒவ்வொரு காயையும் லியாவ் பலகை அதிர அறைந்து வைத்தான். அவள் யோசிக்கும்போதெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். பின்னாலிருந்து ஒருவன் "குதிரை, குதிரை" என்றான். இன்னொருவன் "வேண்டாம் அக்கா, அவன் பேச்சைக் கேட்டா குடி கெடும்" என்றான். எல்லோருக்கும் மேலாக, பச்சைப் புள்ளிகள் இல்லை. காயைத் தொட்டால் எதுவும் ஒளிரவில்லை.

இருந்தும் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. நடுக்கோட்டில் நின்ற தன் தேரை ஓரத்துக்கு இழுத்தால் லியாவின் பீரங்கி ஒன்று விழும். இழுத்தாள். "ஆடிட்டேன்" என்றாள்.

லியாவ் பாட்டை நிறுத்தினான். பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தன் கோட்டைக்குள்ளிருந்து தளபதியையே இரண்டு விரலால் தூக்கி, வெறுமையாய்க் கிடந்த நடுக்கோட்டு வழியே கொண்டுவந்து, அவளுடைய தளபதியின் தலைமேல் வைத்தான்.

கொட்டகையே வெடித்தது. இரண்டு தளபதிகளும் நடுவில் ஆளில்லாமல் நேருக்கு நேர் நிற்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. ரூயிலானுக்கும் தெரியும். ஆனால் போனில் அந்தத் தப்பைச் செய்யவே முடியாது. செய்யப் போனால் காய் தானே பழைய இடத்துக்குப் போய்விடும். ஒருமுறைகூட அவள் அதைத் தானே கவனித்துத் தவிர்க்க வேண்டியிருந்ததில்லை.

"தளபதியே பறந்து வந்து அடிச்சிட்டாரு! இந்த மாதிரி செத்தவனை நான் பார்த்ததே இல்லடா!"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள். வேளை ஆவதற்கு முன்பே ஏணியில் ஏறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"அக்கா... அது எல்லாருக்கும் நடக்கறதுதான். எனக்கும் நடந்திருக்கு."

"கொக்கியை இறக்கட்டுமா அண்ணே?" என்றாள் அவள்.

பெங் அண்ணன், "இறக்குங்க" என்றார்.

நடந்ததை நேரலையில் துங் வாத்தியாரிடம் எழுதினாள். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மேகத்துக்கு மேலே, போன் உங்களைத் தப்பு பண்ண விடாது. தப்பு பண்ண விடாதவன்கிட்ட பாதிதான் கத்துக்க முடியும். மரக் காய் ஒண்ணு வாங்குங்க. ரெண்டு பக்கமும் நீங்களே ஆடுங்க. ஆளு வேணும்னு காத்திருக்காதீங்க. எனக்கும் இங்க ஆளு இல்ல, ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

சந்தையில் செருப்பும் நெயில்கட்டரும் விற்கும் கடையில் ஒரு செட் கிடைத்தது. வாடகை அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் பலகையை விரித்தாள். சிவப்புக்கு ஆடிவிட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கறுப்புக்கு ஆடுவாள். தன்னையே ஏமாற்றப் பார்ப்பாள், முடியாது. பக்கத்து அறைக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றாள். "யாருமில்ல" என்றாள் ரூயிலான். இரண்டு பக்கமும் தேநீர்க் குவளை இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

குவோபிங் கூப்பிட்டபோது போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அது என்ன பின்னாடி? சதுரங்கமா? உனக்கு எப்பத்துல இருந்து?"

"இந்த வருஷம்தான்."

"உனக்கா!" அவன் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. வெகு நாளைக்கப்புறம் அவன் பார்வை அவனுடைய முகத்தைவிட்டு அவள் பக்கம் வந்தது. "நாங்களும் இங்க ஆடறோம். ஒரு தேரு தொலைஞ்சுபோச்சு, சோடா மூடியை வெச்சு ஆடறோம். இரு இரு, எடுத்துட்டு வரேன். ஒரு ஆட்டம் போடுவோம்."

அப்படி ஆரம்பித்தது. அவன் அங்கே ஒரு பலகை, அவள் இங்கே ஒரு பலகை. காயையும் கோட்டு எண்ணையும் வாயால் சொல்லிக்கொள்வார்கள். "பீரங்கி ரெண்டுல இருந்து அஞ்சு." "குதிரை எட்டுல இருந்து ஏழு." முதல் ஆட்டங்களில் அவன் அவளைத் துவைத்துக் காயப்போட்டான். "ஐயோ பாவம், உன் யானையைப் பாரு, கோயில் யானை மாதிரி சும்மா நிக்குது" என்று கேலி செய்தான். "நீ உன் சோடா மூடியைப் பாரு" என்பாள். நடுவே காத்திருக்கும்போது வேறு பேச்சுகளும் தானாக வந்தன. அங்கே ஒரு மேற்பார்வையாளருக்குப் பல்வலி வந்து அவர் எல்லோரையும் கடித்துக் குதறியது, மிங்யூ முடியைக் கத்தரித்துக்கொண்டது. "வைக்கவா?" என்று அவன் கேட்பது நின்றுபோனது. அவன் வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதினால்தான் எழுந்தான்.

விடுமுறை நாளுக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். மீதி நாட்களில் மேலே உட்கார்ந்து அவனை எப்படி மடக்கலாம் என்று யோசித்தாள்.

பருவம் மாறி மறுபடியும் பனி இறங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம், ஆட்டம் பாதியில் இருந்தது. அவள் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது. குவோபிங் தாடையைச் சொறிந்தான்.

"தேர் ஒம்பதுல இருந்து எட்டு" என்றான். அப்புறம் பலகையைப் பார்த்தபடியே, "இங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான்.

ரூயிலான் அவன் சொன்ன தேரை எடுத்து அவன் சொன்ன இடத்தில் வைத்தாள். வரும் புத்தாண்டோடு அவன் ஊருக்கே வந்துவிடுவதாகத்தான் பேச்சு. அதற்காக அவள் ஊர் வீட்டின் ஜன்னலுக்கு வலைகூட அடித்து வைத்திருந்தாள்.

"எப்ப போட்ட?"

"போன வாரம். புத்தாண்டுக்கு லீவு உண்டு, வந்துட்டுத் திரும்பணும். சொல்லணும்னுதான் நெனச்சேன்... உன் ஆட்டம்."

அவள் ஆடினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணைச் சொன்னாள், அவன் எண்ணைச் சொன்னான். அவள் மூளை எங்கோ தனியாக, தெளிவாக வேலை செய்தது. குதிரை அவனுடைய தளபதிக்கு எதிரே போய் நின்றது. பீரங்கி அதே கோட்டில் அதன் பின்னால் வந்தது.

"செக்" என்றாள். "குதிரைக்குப் பின்னாடி பீரங்கி. போறதுக்கு இடமில்ல, பாத்துக்கோ."

அவன் பார்த்தான். தளபதியை இந்தப் பக்கம் வைத்தான், அந்தப் பக்கம் வைத்தான். பிறகு சிரித்தான், ஆனால் சிரிப்பு சரியாக இல்லை.

"போன்ல மெஷின்கிட்டக் கேட்டு ஆடறியா? இது உன் ஆட்டம் மாதிரி இல்லையே."

"ஆமா. மெஷினைக் கேட்டுத்தான் ஆடினேன்" என்றாள் ரூயிலான். "நீ என்னைக் கேட்டுத்தானே கையெழுத்துப் போட்ட, அந்த மாதிரி."

திரையில் அவன் கையிலிருந்த தளபதியைக் கீழே வைத்தான். அவன் பின்னால் யாரோ அடுப்பில் எதையோ வதக்கும் சத்தம் கேட்டது. முதல்முறையாக அவளே, "வைக்கவா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள்.

அடுத்தடுத்த வாரங்களில் அவன் கூப்பிட்டான். "சாப்பிட்டியா?" "ம்." பலகையை அவளும் எடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பழையபடி மூலையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு பேச ஒன்றுமில்லாமல் பேசாதிருந்தார்கள். இப்போது பேச ஒன்று இருந்ததால் பேசாதிருந்தார்கள். இது அதைவிடக் கனமாக இருந்தது.

அந்தக் கோபத்தையெல்லாம் சிமெண்ட் கொட்டகையில் கொட்டினாள். மத்தியானம் தோறும் போனாள். யாராவது இடம் விடும்வரை நின்றாள். சத்தம் பழகிவிட்டது, காயை அறைந்து வைக்கவும் கற்றுக்கொண்டாள். குளிர்காலத்தில் ஒருநாள் லியாவின் இரண்டு தேர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கி, அவனுடைய தளபதியை மூலையில் கட்டிப்போட்டாள். லியாவ் தொப்பியைக் கழற்றிப் பலகையின்மேல் வீசினான்.

"எந்திரிக்கக் கூடாது! இன்னொரு ஆட்டம்! அக்கா, நகர்ந்தீங்க, உங்க கிரேன் ஏணியை அறுத்துடுவேன்!"

"உனக்கு ஜீரணமாகணும்னு சொன்னியேடா" என்றார் பெங் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மேலே ஏறியபின்தான், ஜெயித்த கதையைச் சொல்ல முதலில் நினைவுக்கு வந்தவன் யார் என்பதை உணர்ந்தாள். போனை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

புத்தாண்டுக்கு ஊர் வீட்டைத் திறந்து பெருக்கினார்கள். குவோபிங் கறுத்து, இளைத்து, பெரிய பெட்டியோடு வந்தான். மிங்யூவும் வந்தாள். புகையிட்ட இறைச்சி வெந்தது, வாழ்த்து எழுதிய சிவப்புக் காகிதம் கதவில் ஏறியது, உறவுக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளிபோலத் தட்டில் பரிமாறிக்கொண்டார்கள். ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

விருந்தெல்லாம் ஓய்ந்த ஒரு மந்தமான மத்தியானத்தில், ரூயிலான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, மேசையில் மரக்காய்கள் உருளும் சத்தம் கேட்டது. அவளுடைய பையிலிருந்து அவனே எடுத்திருந்தான். ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, சிவப்பு இருந்த பக்கத்தை அவள் நாற்காலிப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"வா" என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து ஆடியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் கைவிரலில் ஒரு புதுத் தழும்பு இருந்தது. அதைப் பற்றி அவன் சொன்னதில்லை. யோசிக்கும்போது அவன் மூச்சு மூக்கில் விசிலடித்தது. திரையில் அது கேட்டதில்லை.

அவன் ஒரு குதிரையைத் தொட்டான், பிறகு வேறு காய்க்குக் கை போயிற்று.

"அப்பா, தொட்டா அதைத்தான் ஆடணும்" என்றாள் சோபாவில் படுத்திருந்த மிங்யூ.

"நீ யாரு பக்கம்?"

"அம்மா பக்கம். அம்மாதானே ஜெயிக்கிறாங்க."

ரூயிலான் அவசரப்படவில்லை. பக்கத்தில் போன் இல்லை, கையிரண்டும் மேசைமேல் அவன் கண்ணெதிரே இருந்தன. ஒரு சிப்பாயை ஆற்றைத் தாண்டவிட்டு, அதைத் தேரால் காத்து, மெதுவாகக் கோட்டைக்குள் தள்ளினாள். அவன் எல்லா வாசலையும் அடைத்துப் பார்த்தான். கடைசியில் காயை நகர்த்தாமல் கையைக் கட்டிக்கொண்டான். மிங்யூ தூங்கிவிட்டிருந்தாள்.

"இதையெல்லாம் நீ தனியாவேவா கத்துக்கிட்ட?" என்று கேட்டான். கேலி இல்லை அதில்.

"தனியா இருந்ததாலதான் கத்துக்கிட்டேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை. பலகையிலிருந்த தன் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டான். எல்லாம் போட்டு முடிந்தபின், "நான் நெனச்சேன், நீயும் மிங்யூவும் இங்க ஒரே நாட்டுல இருக்கீங்க, நான்தான் அங்க தனியாக் கெடக்கேன்னு" என்றான். "மெஷின்னு சொன்னேன்ல அன்னிக்கு. தப்பு."

"சரி விடு."

"இப்ப என்ன பண்ண? கையெழுத்துப் போட்டது போட்டதுதான். உடைக்க முடியாது."

"உடைக்க வேணாம். போயிட்டு வா. ஆனா அடுத்த தடவை, பேனாவைத் தொடறதுக்கு முன்னாடி என்னைக் கேளு."

"கேக்கறேன்."

அவள் எழுந்து மிச்சக் கீரையை ஆயப் போனாள். அவனும் பின்னாலேயே வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தான். நல்லதையும் பழுத்ததையும் ஒன்றாகப் போட்டான். அவள் எதுவும் சொல்லாமல் பிரித்துவைத்தாள்.

லீவு முடிந்து அவன் விடிகாலைப் பேருந்தில் போனான். மிங்யூ முன்தினமே போய்விட்டாள். அவனை ஏற்றிவிட்டு வீடு திரும்பிய ரூயிலான் மிஞ்சிய சோற்றை நின்றபடியே சாப்பிட்டாள். பலகையை விரித்து இரண்டு பக்கமும் காயை அடுக்கினாள். ஒரு காயும் நகர்த்தவில்லை. அப்படியே வாரி டப்பாவில் போட்டுவிட்டுப் பட்டப்பகலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷமும் விடுமுறை நாட்களில் ஆடினார்கள். பெரும்பாலும் அவன் தோற்றான், வாயாரத் திட்டினான். தழும்பு எப்படி வந்தது என்பதையும் சொன்னான். வடகோடிக் கட்டடங்கள் முடிந்து ஜனங்கள் குடிவந்தார்கள். பெங் அண்ணனும் லியாவும் ஆளுக்கொரு திசையில் வேலை தேடிப் போனார்கள். ரூயிலான் ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு கிரேனுக்கு மாறினாள். புது இடத்தில் மத்தியானத்தில் யாரும் சதுரங்கம் ஆடவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒப்பந்தம் முடியும் தறுவாயில் குவோபிங் கூப்பிட்டான். அன்றைக்கு ஆட்ட நாள் அல்ல.

"மறுபடியும் கேக்கறாங்க. பேனாவைத் தொடல. சொல்லு, என்ன பண்ணட்டும்?"

வேண்டாம், வந்துவிடு என்று சட்டென்று சொல்லிவிடுவோம் என்றுதான் அவள் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். வாய் வரவில்லை. ஸ்டூலையும் அதன் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். இந்த அறையில் இன்னொரு ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு நடமாடுவது எப்படியிருக்கும் என்று யோசித்தாள். பிடிபடவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

"நாளைக்கா?" அவன் குரல் தணிந்தது. "சரி. யோசி."

மறுநாள் மேலே வேலை ஓயாமல் இருந்தது. கம்பிக் கட்டுகளாக ஏற்றிக்கொண்டேயிருந்தாள். கொக்கி நின்ற இடைவெளியில் போனை எடுத்து வெறுமனே மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டத்தைத் திறக்கவில்லை. தூரத்தில் ஆற்றில் ஒரு மணல் படகு நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அது பாலத்துக்கு அடியில் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து இறங்கி, ஏணியின் அடிப்படியிலேயே உட்கார்ந்து கூப்பிட்டாள். அங்கே சாப்பாட்டு வேளை முடிந்திருக்கும். இருந்தும் முதல் மணியிலேயே எடுத்தான்.

"வந்துடு" என்றாள்.